வால்வில் கால்சியம்: பாலை நிறுத்த வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 64. சர்க்கரை 12 வருடமாக இருக்கிறது, பி.பி.யும் உண்டு. மூட்டு மாற்று ஆபரேஷனுக்காக எடுத்த எக்கோவில் (இதய ஸ்கேன்) ‘அயோர்ட்டிக் வால்வ் ஸ்கிளீரோடிக், நோ ஏ.எஸ்., எம்.ஏ.சி.’ என்று இருக்கிறது. வயசானா வர்றதுதான் என்கிறார்கள். வால்வு அடைத்துக்கொள்ளுமா? பாலையும் கால்சியம் மாத்திரையையும் நிறுத்திவிடவா?

பதில்: வயதானால் வருவதுதான். ஆனால் உங்களுக்குச் சர்க்கரையும் பி.பி.யும் இருப்பதால் அந்தப் பதிலோடு விட முடியாது.

இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தம் போகும் வாசலில் இருப்பது அயோர்ட்டிக் வால்வு. ‘ஸ்கிளீரோடிக்’ என்றால், அதன் இதழ்கள் தடித்து, ஆங்காங்கே கால்சியம் படிந்திருக்கிறது. ‘நோ ஏ.எஸ்.’ என்றால் வால்வு சுருங்கவில்லை, ரத்த ஓட்டத்துக்குத் தடை இல்லை. எம்.ஏ.சி. என்பது, இதயத்தின் இடப்பக்க இரு அறைகளுக்கு நடுவே உள்ள மைட்ரல் வால்வைச் சுற்றியுள்ள வளையத்தில் படிந்த கால்சியம். எக்கோ அறிக்கையில் அயோர்ட்டிக் வால்வுக்கு நேரே ‘பீக் வெலாசிட்டி’ (ரத்தம் வால்வைக் கடக்கும் உச்ச வேகம்) என்ற எண்ணைப் பாருங்கள். நொடிக்கு 2 மீட்டருக்குள் இருந்தால் சுருக்கம் இல்லை. 3 வரை லேசானது, 3 முதல் 4 வரை நடுத்தரம், 4-ஐத் தொட்டால் கடுமையானது. உங்கள் நிலையில் இருப்பவர்களில் வருடத்துக்கு நூற்றில் சுமார் இரண்டு பேருக்குத்தான் சுருக்கம் தொடங்குகிறது.

எனக்குக் கவலை வால்வைப் பற்றி அல்ல, ரத்தக்குழாய்களைப் பற்றி. எல்.டி.எல். என்கிற கெட்ட கொழுப்பு உள்ளே கசிந்து, அழற்சி ஏற்பட்டு, கால்சியம் படிவது இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நடக்கிறது. வால்வு எக்கோவில் தெரிகிறது, இதயத்தின் ரத்தக்குழாயில் இருப்பது தெரிவதில்லை. அமெரிக்காவில் 65 வயதைத் தாண்டிய 5,600-க்கும் அதிகமானோரைச் சுமார் 5 ஆண்டுகள் கவனித்த ஆய்வு 1999-இல் வெளியானது. வால்வு தடித்து, அடைப்பே இல்லாதவர்களிடமும் இதய, ரத்தக்குழாய் நோயால் இறப்பு ஏறக்குறைய 50 சதவீதமும், மாரடைப்பு 40 சதவீதமும் கூடுதலாக இருந்தன. எம்.ஏ.சி. உள்ளவர்களுக்குப் பக்கவாத அபாயமும் கூடுகிறது.

ஆகவே எல்.டி.எல்., எச்.பி.ஏ.1.சி. (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி), சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், சிறுநீர் ஆல்புமின் நான்கையும் பாருங்கள். எல்.டி.எல். 70-க்குக் கீழும் பி.பி. 130/80-க்குக் கீழும் இருக்க வேண்டும். இந்த வயதில் சர்க்கரை இருந்தாலே ஸ்டாட்டின் (கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை) தேவை. அது வால்வில் படிந்ததைக் கரைக்காது, படிவதை மெதுவாக்கவும் இல்லை, ஆய்வுகளில் தெளிவாகிவிட்டது. ‘வால்வுக்குப் பயன் இல்லையாமே’ என்று நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. நாம் கொடுப்பது மாரடைப்பையும் பக்கவாதத்தையும் தடுக்க.

பால், கேழ்வரகு, கீரை எதையும் நிறுத்த வேண்டாம்; சாப்பாட்டுக் கால்சியம் வால்வில் போய் ஒட்டுவதில்லை. மாத்திரை வேறு விஷயம். உணவும் மாத்திரையும் சேர்த்து நாளுக்கு 1,000 முதல் 1,200 மில்லிகிராம் போதும். எலும்பு மருத்துவரிடம் கணக்கைச் சொல்லி, அவசியமா என்று கேளுங்கள்.

இந்த வால்வுக்காக மூட்டு ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. மயக்க மருத்துவரிடம் அறிக்கையைக் காட்டுங்கள். அடுத்த எக்கோ 3 முதல் 5 வருடத்தில் போதும். ஒரு எச்சரிக்கை: மூட்டுவலியால் நடையைக் குறைத்தவர்களுக்கு இதயத் தொல்லை வெளியே தெரியாது. ஆபரேஷன் முடிந்து மாடிப்படி ஏறத் தொடங்கும்போது மூச்சிரைப்போ நெஞ்சு இறுக்கமோ கண்ணிருட்டலோ வந்தால், 3 வருடம் காத்திருக்காமல் உடனே இதய மருத்துவரைப் பாருங்கள்.