கட்டவிழ்த்து விடுங்கள்

அன்புள்ள ஐயா,

உங்கள் கட்டுரைகளைச் சில வருடங்களாக வாசிக்கிறேன். நீங்களும் ஒரு காலத்தில் குடித்தவர் என்று எழுதியிருந்தீர்கள். அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். எனக்கு 41 வயது. பதினான்கு வருடக் குடி. மூன்று முறை ஆண்டவரிடம் அர்ப்பணித்துவிட்டு மூன்று முறையும் விழுந்துவிட்டேன். கடைசியாக ஐந்து மாதங்களுக்கு முன்பு மூன்று நாள் உபவாசம் இருந்தேன். கை நடுங்கியது, வியர்த்துக் கொட்டியது. மூன்றாம் நாள் இரவு சுவரில் ஏதோ ஊர்வதுபோலத் தெரிந்தது. பிசாசு வெளியேறுகிறது என்று ஜெபக்குழுவில் ஒரு சகோதரர் சொன்னார். அதையும் தாண்டி வந்து சபையில் சாட்சி சொன்னேன். எல்லோரும் அழுதார்கள். மாத்திரை போடுவது விசுவாசக் குறைவு என்றார்கள், மருத்துவர் கொடுத்ததை நிறுத்திவிட்டேன். போன மாதம் ஒரு சனிக்கிழமை மாலை மறுபடி குடித்தேன். அப்புறம் எல்லாச் சனிக்கிழமையும். மனைவிக்குத் தெரியாது. ஞாயிறு காலை பாட்டுக் குழுவில் நிற்கிறேன். முழங்காலிட்டால் வார்த்தை வரமாட்டேன் என்கிறது. என் விசுவாசம் பொய்யா? இல்லை, ஜெபம் என்பதே நம்மை நாமே தேற்றிக்கொள்வதுதானா?

(பெயர் வெளியிட வேண்டாம்)

*

அன்புள்ள சகோதரருக்கு,

உடம்பு சம்பந்தமானதை, உங்கள் கடிதம் வந்த அன்றிரவே உங்களுக்குத் தனியாக எழுதிவிட்டேன். இங்கே மறுபடி சொல்வது, அடுத்த உபவாசத்துக்குத் தயாராகிக்கொண்டிருக்கும் வேறு யாராவது இதை வாசிக்கக்கூடும் என்பதால்.

நீங்கள் சுவரில் பார்த்தது பிசாசு அல்ல. வருடக்கணக்காகத் தினமும் குடித்த ஒருவர் சட்டென்று நிறுத்தினால், மதுவின் அழுத்தத்துக்கு ஈடுகொடுத்துப் பழகிய மூளை, அந்த அழுத்தம் விலகியதும் கட்டுக்கடங்காமல் வேகமெடுக்கிறது. கடைசியாகக் குடித்த சில மணி நேரத்திலேயே நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாட்களில் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறி, இல்லாதவை கண்ணில் தெரியும். இதற்கு டெலிரியம் ட்ரெமன்ஸ் என்று பெயர். சிகிச்சை இல்லாமல் விட்டால் உயிர் போகலாம். நீண்ட காலம் குடித்தவர்களின் உடம்பில் தயமின் என்னும் பி1 வைட்டமின் குறைந்திருக்கும். அந்த நிலையில் சாப்பாட்டையும் நிறுத்துவது எவ்வளவு ஆபத்து என்று யோசித்துப் பாருங்கள். நீங்கள் பிழைத்தீர்கள், அதற்காகக் கர்த்தரைத் துதிக்கிறேன். அந்தச் சகோதரர் உங்கள்மேல் அன்பு இல்லாதவர் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அன்றிரவு அவர் உங்களை மருத்துவமனைக்குக் கூட்டிப்போயிருக்க வேண்டும். காரில் உட்கார்ந்தும் ஜெபிக்கலாம். தினமும் குடிக்கும் யாரும் மருத்துவரிடம் சொல்லாமல், தனியாக, பட்டினியோடு குடியை நிறுத்த வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

நான் ஒன்பது வருடம் குடித்தேன். விட்டு பதினேழு வருடம் ஆகிறது. முதல் முறை விட்ட நான்காவது வாரத்தில் என்னையும் மேடையில் ஏற்றினார்கள். நான் மனதாரத்தான் பேசினேன், ஒரு வார்த்தையும் பொய் இல்லை. ஆறாவது வாரத்தில் குடித்தேன். குடித்ததைவிட அதற்குப் பின் நடந்ததுதான் என்னை அழித்தது. யாரிடம் போய்ச் சொல்வது? கட்டிப்பிடித்து அழுதவர்கள் அத்தனை பேருக்கும் நான் இப்போது விடுதலை பெற்றவன். எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் என் சாட்சி எனக்கு முன்பே போய் அங்கே உட்கார்ந்திருந்தது. அதனால் தனியாகவே ஜெபித்தேன். ராத்திரி ஒரு மணிக்கு, சத்தமில்லாமல், தலையணையில் முகத்தை அழுத்திக்கொண்டு. அடுத்த நாள் மறுபடி குடித்தேன். இப்படி எட்டு மாதம் போனது. அந்த ஜெபம் உண்மையானதுதான். ஆனால் பாட்டிலை ஒளித்துவைத்த அதே இடத்தில்தான் ஜெபத்தையும் ஒளித்துவைத்திருந்தேன்.

உங்கள் கடிதத்தில் என்னைப் பதற வைத்தது சனிக்கிழமைக் குடி அல்ல, 'மனைவிக்குத் தெரியாது' என்ற இரண்டு சொற்கள்.

லாசருவின் கதை உங்களுக்குத் தெரியும். செத்து நான்கு நாளானவனை இயேசு பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். அவன் வெளியே வருகிறான், ஆனால் கை கால்கள் பிரேதச் சீலைகளால் கட்டியிருக்கின்றன, முகம் சீலையால் சுற்றியிருக்கிறது. உயிர் கொடுக்க முடிந்தவருக்கு அந்தத் துணியை உதிர்ந்துபோகச் செய்வது ஒரு காரியமா? ஆனால் அவர் சுற்றி நிற்பவர்களைப் பார்த்து, 'இவனைக் கட்டவிழ்த்து விடுங்கள்' என்கிறார். நாற்றமெடுக்கும் என்று அவன் சகோதரி மார்த்தாள் தயங்கிய அந்த உடம்பை மனிதக் கைகள்தான் தொட வேண்டியிருந்தது. அப்போது லாசரு உயிரோடுதான் இருக்கிறான், ஆனால் கட்டோடு நிற்கிறான். அவனைப் பார்த்து 'உனக்கு விசுவாசம் போதவில்லை' என்று அங்கே யாரும் சொல்லவில்லை. நீங்கள் இப்போது நிற்பது அந்த இடத்தில் என்று நான் நம்புகிறேன். உங்களை அவிழ்க்க வேண்டிய கைகளை நீங்கள் கிட்ட விடவில்லை, அவ்வளவுதான்.

ஒரே ஜெபத்தில் விடுபட்டவர்கள் உண்டு. அதை நான் மறுக்கவில்லை, அப்படிப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அவர்களிலேயே மிகவும் பெயர்பெற்ற ஒருவரின் கதையை முழுதாகப் பாருங்கள். பில் வில்சன், அமெரிக்கர். 1934 டிசம்பரில், குடியால் நான்காம் முறையாக நியூயார்க்கில் ஒரு மருத்துவமனையில் படுத்திருந்தபோது, கடவுள் இருந்தால் தம்மைக் காட்டட்டும் என்று கதறினார். அறை முழுக்க ஒளி நிறைந்ததாகவும் பெரிய சமாதானம் வந்ததாகவும் பின்னாளில் சொன்னார். புத்தி பேதலித்துவிட்டதோ என்று பயந்து மருத்துவரிடமே கேட்டார். அது எதுவாக இருந்தாலும் பற்றிக்கொள் என்றார் மருத்துவர். 1971இல் இறக்கும்வரை வில்சன் மறுபடி குடிக்கவில்லை. மேடையில் சொல்லும்போது கதையை இங்கேயே முடித்துவிடுவார்கள்.

மீதி இது. ஐந்து மாதம் கழித்து, 1935 மே மாதம், வியாபார விஷயமாக ஓஹியோ மாநிலத்தின் ஆக்ரன் நகரத்துக்குப் போன இடத்தில் காரியம் தோற்றது. கையில் பணமில்லை, ஹோட்டல் முன்கூடத்தில் தனியாக நிற்கிறார். ஒரு பக்கம் மது அருந்தும் அறை, அங்கிருந்து சிரிப்புச் சத்தம். அவ்வளவு ஒளியைப் பார்த்த மனிதருக்கும் ஆசை வந்தது. அவர் செய்தது, அங்கே தொங்கிய சபைகளின் பட்டியலைப் பார்த்து ஒரு போதகருக்குத் தொலைபேசியில் பேசியது. நான் பேசுவதற்கு இன்னொரு குடிகாரன் வேண்டும் என்று கேட்டார். அப்படித்தான் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரைச் சந்தித்தார். பாப் ஜெபக்கூட்டங்களுக்குப் போய்க்கொண்டிருந்தவர், வேதம் வாசித்தவர், ஆனாலும் குடியை விட முடியாதவர். வில்சனைச் சந்தித்த பிறகும் ஒரு முறை விழுந்தார். 1935 ஜூன் 10 அன்று அவர் கடைசியாகக் குடித்தார். குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கம் அந்த நாளைத்தான் தன் தொடக்க நாளாக வைத்திருக்கிறது. கிறிஸ்தவ ஜெபக் குழுக்களுக்குள்ளிருந்துதான் அந்த இயக்கம் கிளைத்தது. அந்த வழிமுறையை 2020இல், மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் ஆய்வுத் தொகுப்பு ஒன்று மற்ற சிகிச்சைகளோடு ஒப்பிட்டது. 27 ஆய்வுகள், பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். தொடர்ந்து குடிக்காமல் இருக்க, இது மற்ற மனவியல் சிகிச்சைகளுக்குக் குறைந்ததல்ல, சில இடங்களில் மேலானது என்று வந்தது. எனக்கு அதில் ஆச்சரியமில்லை. யாக்கோபு எழுதியிருக்கிறாரே, 'நீங்கள் சொஸ்தமடையும்படிக்கு, உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு, ஒருவருக்காக ஒருவர் ஜெபம்பண்ணுங்கள்' என்று. அதில் 'ஒருவருக்கொருவர்' என்ற சொல்லை நான் எட்டு மாதம் தாண்டித் தாண்டி வாசித்தேன்.

மாத்திரை விஷயம். அதைப் பற்றி நீண்ட விவாதம் வேண்டாம். பவுல் தன் கூடவே இருந்த லூக்காவை 'பிரியமான வைத்தியன்' என்கிறார், வைத்தியத்தை விடச் சொல்லவில்லை. மருத்துவர் கொடுத்தது நால்ட்ரெக்ஸோனாக இருந்தால், அது குடி தரும் சுகத்தையும் ஏக்கத்தையும் குறைக்கும். டைசல்ஃபிரமாக இருந்தால் எச்சரிக்கை அதிகம் வேண்டும். அதைப் போட்டுக்கொண்டு குடித்தால் முகம் சிவந்து, வாந்தியும் படபடப்பும் வந்து, நிலைமை மோசமாகலாம். நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அது உடம்பில் வேலை செய்யும். ஆகவே பழைய மாத்திரைப் பட்டையிலிருந்து நீங்களாக எடுத்துப் போட வேண்டாம். மருத்துவரைப் பாருங்கள், நிறுத்தியதையும் மறுபடி குடித்ததையும் உள்ளபடி சொல்லுங்கள். மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு நன்றி சொல்லிவிட்டு விழுங்குங்கள். நான் இரண்டு வருடம் அப்படித்தான் செய்தேன். அதுவும் ஜெபம்தான்.

இப்போது, வார்த்தை வராத முழங்கால். மூன்று முறை அர்ப்பணித்து மூன்று முறையும் விழுந்தேன் என்கிறீர்கள். பவுலும் தன் மாம்சத்தில் இருந்த முள் நீங்க வேண்டுமென்று மூன்று தரம்தான் வேண்டிக்கொண்டார். முள் நீங்கவில்லை. 'என் கிருபை உனக்குப்போதும்' என்ற பதில்தான் வந்தது. அந்த வசனத்தை இல்லை என்ற சொல்லின் நாகரிகமான வடிவம் என்று நினைத்துப் பல வருடம் கசந்துபோயிருந்தேன். இன்று அதை வேறு விதமாக வாசிக்கிறேன். அந்தக் கிருபை அன்றன்றைக்கு வருகிறது. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு அன்றாடம் வானத்திலிருந்து கிடைத்த மன்னா என்ற உணவைப்போல, நாளைக்கென்று எடுத்துவைத்தால் புழுத்துப்போகும். 'இனி வாழ்நாளில் தொடமாட்டேன் ஆண்டவரே' என்று கேட்டுக்கேட்டு நான் தோற்றேன். 'இன்று ராத்திரி படுக்கும்வரை' என்று கேட்டபோது நிற்க முடிந்தது. டப்ளினில் மேட் டால்பட் என்ற தொழிலாளி 1884இல், 28 வயதில், சபதம் எடுத்தபோது முதலில் மூன்று மாதத்துக்குத்தான் எடுத்தார். தினமும் ஆலயத்துக்குப் போனார். கூடவே, சட்டைப்பையில் காசு வைத்துக்கொள்வதில்லை என்றும் முடிவு செய்தார். 1925இல் இறக்கும்வரை குடிக்கவில்லை. முழங்காலும் காலியான சட்டைப்பையும் அவருக்குச் சேர்ந்தே உதவின.

ஜெபம் நம்மை நாமே தேற்றிக்கொள்வதா என்று கேட்கிறீர்கள். தேற்றுதல் மட்டுமே என்றால், என் ஜெபம் என்னை ஒருபோதும் ஒரு மூத்த போதகரின் வாசலுக்கு அனுப்பியிருக்காது. நான் போக விரும்பாத இடம் அது. அவர் வேறு சபைக்காரர், என் சாட்சியைக் கேட்டிராதவர். நான் எல்லாவற்றையும் கொட்டி முடித்ததும் அவர் கேட்டது, 'தம்பி, கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள்? எப்போது தூங்கினீர்கள்?' சூரைச்செடியின் கீழ் சாக வேண்டுமென்று கேட்டுப் படுத்த எலியா தீர்க்கதரிசியைத் தூதன் எழுப்பியபோது முதலில் சொன்னதும் 'எழுந்திருந்து போஜனம்பண்ணு' என்பதுதான். அன்று நான் சாப்பிட்டேன். அப்புறம் அவர் என்னை மருத்துவரிடம் கூட்டிப்போய், வெளியே பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். எனக்காக யாரும் செய்ததிலேயே பெரிய ஜெபம் அந்த இரண்டு மணி நேரம்தான்.

உங்கள் விசுவாசம் பொய் இல்லை. பொய்யாக இருந்தால் ஞாயிறு காலையில் உங்களுக்கு இவ்வளவு வலிக்காது. வார்த்தை வராவிட்டால், நோயுற்ற பிள்ளைக்காக இயேசுவிடம் வந்து நின்ற அந்தத் தகப்பனின் ஜெபத்தைக் கடன் வாங்கிக்கொள்ளுங்கள்: 'விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்.' அரை விசுவாசத்தோடு வந்தவன் அவன். அவன் பிள்ளை குணமானான்.

மனைவியிடம் சொல்லுங்கள். சனிக்கிழமைக்கு முன்பே சொல்லிவிடுங்கள். அவர் கோபப்படலாம், அழலாம், சில நாள் பேசாமலும் இருக்கலாம், அதற்கு அவருக்கு உரிமை உண்டு. பாட்டுக் குழுவிலிருந்து கொஞ்ச நாள் விலகி நில்லுங்கள். தண்டனை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், யாருக்கும் எதையும் காட்ட வேண்டிய பாரமில்லாமல் பின்வரிசையில் உட்கார்ந்து மற்றவர்கள் பாடுவதைக் கேட்பதற்காக.

சனிக்கிழமை எத்தனை மணிக்குத் தொடங்கும் என்று நீங்கள் எழுதவில்லை. எனக்கு ஆறு மணிக்குத் தொடங்கும். இந்த வாரம் ஐந்தரைக்கே எனக்கு எழுதுங்கள், ஒரு வரி போதும். நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அன்புடன்.