குன்னூர் பின்கோடு 643101 பகா எண்ணா?

இல்லை, பகு எண்தான். இலக்கங்களைக் கூட்டினால் 15, அதனால் 3 ஆல் வகுபடும், ஈவு 214367. அடுத்த காரணிதான் சோதிக்கும்: 5, 7, 11 என்று போனால் 43 வரை எதுவும் ஒத்துவராது, 47-இல்தான் மாட்டும். அப்போது ஈவு 4561, அது பகா எண்.

ஆக 643101 = 3 × 47 × 4561. மூன்று வெவ்வேறு பகா எண்களின் பெருக்கல் என்பதால் இது ஸ்பீனிக் எண். வகுத்திகள் எட்டு. தன்னைத் தவிர மற்ற ஏழையும் கூட்டினால் 232803தான் வரும். எண்ணைவிட ரொம்பக் குறைவு, எனவே குறைவெண்.

கூட்டுத்தொகை எண்ணுக்கே சமமாக வந்தால் செவ்விய எண். அப்படிப்பட்டது பின்கோட்டின் முதல் இலக்கம், அதாவது தமிழ்நாடு, கேரளப் பக்கத்தைக் குறிக்கும் 6: 1 + 2 + 3 = 6. குன்னூருக்கு மட்டுமில்லை, ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் அதே 6தான்!