அமெரிக்க அடிமைகள் தங்கள் வேலையை எப்படிப் பார்த்தார்கள்? – கேள்வி பதில்

அமெரிக்கத் தென்மாநிலங்களில் 1865 வரை இருந்த அடிமை முறையைப் பற்றி வந்த கேள்விகள் இவை. ‘ஓவர்சீயர்’ வருகிற இடங்களில் நமக்குப் பழகிய கங்காணி என்ற சொல்லையே போட்டிருக்கிறேன்.

சார், அடிமைகள் சோம்பேறிகள் என்று எழுதியவர்கள் உண்மையிலேயே வரலாற்றாசிரியர்களா?

ஆமாம், பெரிய பேராசிரியர்களே எழுதினார்கள். 1918-ல் உல்ரிச் பிலிப்ஸ் தோட்டக் கணக்குகளையும் முதலாளிகளின் கடிதங்களையும் மூட்டை மூட்டையாகப் படித்துவிட்டு, தோட்டத்தைக் கிட்டத்தட்ட அடிமைகளை நாகரிகப்படுத்தும் ஒரு பள்ளிக்கூடமாகக் காட்டினார். வேலை வாங்கியவன் எழுதிய காகிதத்தில் வேலை செய்தவனின் மனசு எங்கே இருக்கும்?

இதைவிட வேடிக்கை, 1851-ல் கார்ட்ரைட் என்ற மருத்துவர் செய்தது. அடிமை ஓடிப்போனால் அது ஒரு நோய், மந்தமாக வேலை செய்து கருவியை உடைத்தால் அது இன்னொரு நோய் என்று பெயர் வைத்தார். இரண்டாவதற்குச் சிகிச்சை, உடம்பில் எண்ணெய் பூசி அகலத் தோல்பட்டையால் அடித்துவிட்டு, வெயிலில் கடும் வேலைக்கு அனுப்புவது.

அப்படியென்றால் வேண்டுமென்றே மெதுவாகச் செய்தார்களா? ஆதாரம் உண்டா?

1942-ல் பாவர் தம்பதியர் என்ற ஆய்வாளர்கள் முதலாளிகளின் இதே வகைப் புகார்களைத் திருப்பிப் போட்டுப் படித்தார்கள். வயிற்றுவலி என்று படுத்துக்கொள்வது, மண்வெட்டியை உடைப்பது, கோவேறு கழுதையை வதைப்பது எல்லாம் அன்றாட எதிர்ப்பு என்றார்கள். 1956-ல் வரலாற்றாசிரியர் கென்னத் ஸ்டாம்ப் அதை இன்னும் விரிவாக்கினார். எனக்கும் இந்தப் பக்கம்தான் சாய்வு. ஆனாலும் உடைந்த மண்வெட்டி வாக்குமூலம் தராது. பாசாங்கா, களைப்பா, நிஜமாகவே காய்ச்சலா என்பதை ஒவ்வொரு தடவையும் நம்மால் பிரித்துச் சொல்ல முடியாது.

அடிமைகள் விருப்பத்தோடு உழைத்தார்கள் என்று கணக்குப் போட்டே காட்டியிருக்கிறார்களாமே?

1974-ல் ஃபோகல், எங்கர்மன் என்ற இரு பொருளாதார வரலாற்றாசிரியர்கள் சொன்னதைக் கேட்கிறீர்கள். அடியைவிட ஊக்கப்பரிசுதான் வேலை வாங்கியது, அடிமைகள் திறமையான உழைப்பாளிகள் என்பது அவர்கள் வாதம். லூயிசியானா முதலாளி பாரோவின் நாட்குறிப்பை வைத்து, ஆளுக்கு வருடத்துக்கு 0.7 தடவைதான் சவுக்கடி என்றார்கள். வரலாற்றாசிரியர் ஹெர்பர்ட் கட்மன் அடுத்த வருடமே அதே நாட்குறிப்பை எடுத்து வேறு மாதிரிக் கேட்டார்: எத்தனை நாளுக்கு ஒருமுறை அந்தத் தோட்டத்தில் யாராவது அடிவாங்கினார்? சராசரியாக 4.56 நாளுக்கு ஒருமுறை! அடிபடுவது ஒருவர், பார்த்து நடுங்குவது மற்ற எல்லோரும். ஃபோகலுக்கு 1993-ல் நோபல் கிடைத்தது. அதனால் இந்தக் கணக்கு சரியாகிவிடாது.

அடிமைகளே சொன்னது எதுவும் இல்லையா அண்ணா?

இருக்கிறது தம்பி. சுதந்திர மனிதராகப் பிறந்து, கடத்தி விற்கப்பட்ட சாலமன் நார்த்தப் 1853-ல் எழுதியதைப் படியுங்கள். சாயங்காலம் பருத்திக் கூடையோடு எடைபோடப் போகும்போது எல்லோருக்கும் பயம். எடை குறைந்தால் சவுக்கடி. கூடினால், நாளை முதல் அதுவே அளவு. இந்தப் பொறியில் மாட்டியவரிடம் போய் ஊக்கம், சோம்பல் என்று அளக்க முடியுமா? அப்புறம் 1930-களில் அரசு எடுத்த 2,300-க்கும் மேற்பட்ட பேட்டிகள். கேட்டவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர், சொன்னவர்களில் பலர் அடிமைக் காலத்தில் குழந்தைகள். அதை மனதில் வைத்துப் படிக்க வேண்டும்.

ஒரே மாதிரி மனநிலை எல்லோருக்கும் இருந்திருக்குமா?

இருக்காது. தென் கரோலினா நெல் வயல்களில் ஆளுக்கு இவ்வளவு என்று அளந்துவிடுவார்கள். பல வேலைகளுக்குக் கால் ஏக்கர். முடித்தால் மீதி நேரம் அவர்களுடையது. அந்த நேரத்தில் சொந்தப் பாத்தியில் காய்கறி போட்டார்கள், கோழி வளர்த்தார்கள், விற்றார்கள். பருத்தித் தோட்டத்தில் அது நடக்காது. கங்காணி பார்வையில் விடியலிலிருந்து இருட்டும் வரை கும்பலாக வேலை.

விடுதலைக்குப் பிறகு என்ன செய்தார்கள்?

இந்தக் கேள்வியை முதலிலேயே கேட்டிருக்கலாம். வடக்குக்கும் தெற்குக்கும் நடந்த உள்நாட்டுப் போரில், 1861 நவம்பரில் வடக்குக் கடற்படை தென் கரோலினாவின் போர்ட் ராயலைப் பிடித்ததும் அந்தக் கடலோரத் தீவுகளின் முதலாளிகள் ஓடிப்போனார்கள். அங்கேயே தங்கிவிட்ட அடிமைகள் பல தோட்டங்களில் பருத்தி கொட்டை நீக்கும் இயந்திரங்களை உடைத்துப் போட்டார்கள். பிறகு வடக்கிலிருந்து வந்த அதிகாரிகள் பருத்தியே போடுங்கள் என்று வற்புறுத்த, இவர்கள் நட விரும்பியது மக்காச்சோளமும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும். சாப்பிடக்கூடிய பயிர்.