சொல்ல மாட்டேன் என்ற சத்தியம்

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். கல்லூரி விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த நண்பனுக்கு இப்போது வேலை இல்லை. செல்போன் செயலிகளில் வாங்கிய கடனுக்காக மிரட்டல் அழைப்புகள் வேறு. நள்ளிரவில் அழைத்து, “நான் இல்லாமப் போனா வீட்டுக்காவது நிம்மதி” என்கிறான். யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறான். அவனுடைய அண்ணனிடம் சொல்லலாமா? சாவைப் பற்றிக் கேட்டால் நானே தூண்டிவிட்டதாகிவிடுமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்தச் சத்தியத்தை நீங்கள் காப்பாற்றக் கூடாது. அவன் உயிரோடு இருந்து உங்கள்மேல் கோபப்படட்டும். அந்தக் கோபத்தை நீங்கள் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் மறைவாகச் செய்யாமல் முதலில் அவனிடமே சொல்லிவிடுங்கள்: “டேய், இதை நான் மட்டும் மனசுல வச்சுக்க முடியாது. அண்ணன்கிட்ட சொல்லப்போறேன், நீயும் கூட இரு.” அவன் மறுத்தாலும் சொல்லுங்கள்.

கேட்டால் தூண்டிவிடுவோமோ என்ற அச்சம் நல்ல மனம் உள்ளவர்களுக்கே வருகிறது. நேராகக் கேட்பதால் இல்லாத எண்ணம் முளைப்பதில்லை என்றும், பேச வாய்ப்புக் கிடைத்ததே பலருக்கு ஆறுதலாகிறது என்றும் உலக சுகாதார நிறுவனம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. கேட்கும் விதத்தில்தான் கவனம் வேண்டும். “அப்படியெல்லாம் ஒண்ணும் நினைக்கலையே?” என்று கேட்டால், ‘இல்லை’ என்ற பதிலை நாமே அவன் வாயில் வைத்துவிடுகிறோம். “தற்கொலை செஞ்சுக்கணும்னு தோணுதா?” என்று அந்தச் சொல்லையே சொல்லிக் கேளுங்கள். கேட்ட பிறகு அவன் எவ்வளவு நேரம் மௌனமாக இருந்தாலும் பொறுத்திருங்கள். “அம்மாவை நினைச்சுப் பாரு” என்று நாம் எல்லோரும் சொல்லிவிடுகிறோம். தன்னால்தான் அம்மாவுக்குத் துன்பம் என்று ஏற்கெனவே நம்பிக்கொண்டிருப்பவனுக்கு அது இன்னொரு குற்றவுணர்வாகவே போய்ச் சேரும்.

‘ஆமாம்’ என்று சொல்லி, எப்படி, எப்போது என்பதையும் அவன் யோசித்து வைத்திருந்தால், அந்த இரவே அவனருகில் ஒருவர் இருக்க வேண்டும். ஆபத்தான பொருள்களை வீட்டிலிருந்து அண்ணன் அப்புறப்படுத்த வேண்டும். தாமதிக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று தயங்கும் குடும்பங்கள் இன்னும் இருப்பது வேதனை தருகிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும் என்கிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பதை அரசின் கடமையாக்கியும் இருக்கிறது.

அவ்வளவு அவசரம் இல்லாவிட்டாலும், இந்த வாரத்திற்குள் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அவனுடன் செல்லுங்கள். 2022இல் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். அவனைப் பற்றிக் கவலைப்படும் நீங்களும் அழைக்கலாம். 1986 முதல் சென்னையில் இயங்கிவரும் சினேகா அமைப்பும் இத்தகையவர்களின் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்பதற்காகவே இருக்கிறது.

கடன் விஷயத்தைத் தனியாக எடுத்துப் பாருங்கள். மிரட்டல் செய்திகளை அழிக்காமல் வைத்துக்கொண்டு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்யலாம். அவன் போனை ஒரு நாள் அண்ணனிடம் கொடுத்துவைப்பதும்கூட உதவும். அடுத்த மிரட்டலை எதிர்பார்த்துக் கிடப்பவனுக்கு வேறு எதையும் யோசிக்க முடியாது.

இரவு அழைப்புகளை நீங்களும் அண்ணனும் முறைவைத்து எடுங்கள். தூக்கம் கெட்ட உங்களால் நீண்ட நாள் துணையிருக்க இயலாது. மருத்துவர் மாத்திரை கொடுத்தால் பலன் தெரிய சில வாரங்கள் பிடிக்கும். “ஒண்ணும் கேக்கல” என்று அவன் நடுவில் நிறுத்திவிடக்கூடிய காலம் அதுதான் என்பதால், அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கவும் உங்களில் ஒருவர் கட்டாயம் கூடப் போங்கள்.