தடித்த ஸ்டேக்கின் பதம்: கேள்வி பதில்

கேள்வி: 4 சென்டிமீட்டர் தடிமனுள்ள ரிப் ஐ (மாட்டின் விலாப்பகுதி இறைச்சி) துண்டு மீடியம் ரேர் (நடுவில் இளஞ்சிவப்பு) பதத்துக்கு வர ஒரு பக்கத்தை எத்தனை நிமிடம் சுட வேண்டும்?

பதில்: இதற்கு நிமிடக் கணக்கில் விடை சொல்பவரை நான் நம்புவதில்லை. தணலின் சூடு, வீசும் காற்று, குளிர்பெட்டியிலிருந்து துண்டை எடுத்து எவ்வளவு நேரமாயிற்று என எல்லாமே நேரத்தை மாற்றிவிடும். பதத்தைத் தீர்மானிப்பது இறைச்சியின் நடுப்பகுதி வெப்பம் மட்டுமே: ரேருக்கு (உள்ளே நல்ல சிவப்பு) சுமார் 50 டிகிரி செல்சியஸ், மீடியம் ரேருக்கு 55, மீடியத்துக்கு 60, வெல் டன்னுக்கு (முழுதும் வெந்தது) 70. டிஜிட்டல் தெர்மாமீட்டரின் ஊசியை மேலிருந்து குத்தாமல், பக்கவாட்டில் நடுமையம் வரை செருகிப் பாருங்கள். விரலால் அமுக்கிப் பதம் பார்ப்பது அன்றாடம் நூறு துண்டு சுடும் சமையற்காரருக்குக் கைவரும். மாதத்துக்கு ஒரு முறை கரி மூட்டும் நமக்கு வராது.

கேள்வி: எனக்கு எப்போதும் வெளியே கருகிவிடுகிறது, உள்ளே பச்சையாகவே இருக்கிறது. என்ன தவறு?

பதில்: தடித்த துண்டை எடுத்த எடுப்பில் கடும் தணலில் வைப்பதுதான் தவறு. நானும் பல துண்டுகளை அப்படிக் கரியாக்கியவன்தான். கரியை அடுப்பின் ஒரு பக்கமாகக் குவித்து, துண்டை மறுபக்கம் வைத்து மூடிவிடுங்கள். உள்ளே 120 டிகிரி அளவில் சூடு நின்றால், அரை மணி நேரத்தை ஒட்டி நடுப்பகுதி 48 டிகிரிக்கு வந்துவிடும். இதற்குள் மேற்பரப்பு நன்றாக உலர்ந்திருக்கும். ஈரம் இருக்கும்வரை மேற்பரப்பின் சூடு 100 டிகிரியைத் தாண்டுவது கடினம், பழுப்பேறி மணம் வருவதற்கோ 140 டிகிரியாவது வேண்டும். அதன்பின் துண்டைத் தணலுக்கு நேர்மேலே கொண்டுவந்து, அரை நிமிடத்துக்கு ஒரு முறை திருப்பிக்கொண்டே இருந்தால், இரண்டு மூன்று நிமிடத்தில் நிறம் ஏறிவிடும். கொழுப்பு சொட்டித் தீ எழும்பினால் தண்ணீர் தெளிக்காமல் துண்டைச் சற்று நகர்த்துங்கள். 53 டிகிரியில் எடுத்துவிடுங்கள். மிச்சத்தை உள்ளிருக்கும் சூடே பார்த்துக்கொள்ளும். வெட்டிப் பார்த்தால் ஓரத்தில் தடித்த சாம்பல்நிறப் பட்டை இல்லாமல், ஏறக்குறைய முழுதும் ஒரே இளஞ்சிவப்பாக இருக்கும்.

கேள்வி: முதலிலேயே கடும் சூட்டில் வாட்டினால் சாறு உள்ளே அடைபடும் என்கிறார்களே?

பதில்: 19ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய வேதியியலாளர் லீபிக் பரப்பிய கருத்து அது, தவறானது. வாட்டிய துண்டிலிருந்தும் சாறு கசிந்து சுர்ரென்று பொரிவதை நீங்களே கேட்கலாம். வாட்டுவது சுவைக்காக, அடைப்பதற்காக அல்ல.

கேள்வி: உப்பு எப்போது போட வேண்டும்?

பதில்: முந்தைய இரவே தடவி, மூடாமல் குளிர்பெட்டியில் வைப்பது உத்தமம். நேரமில்லையென்றால் 40 நிமிடம் முன்பாவது போடுங்கள், அல்லது சுடுவதற்குச் சற்று முன் போடுங்கள். இடைப்பட்ட நேரத்தில் போட்டால், உப்பு இழுத்த நீர் திரும்ப உள்ளே போகாமல் மேலேயே முத்து முத்தாக நிற்கும்.

கேள்வி: தட்டில் வழியும் சிவப்பு நீர் ரத்தம்தானே? சாப்பிடலாமா?

பதில்: ரத்தமல்ல, தசையிலுள்ள மயோகுளோபின் என்னும் புரதம் கலந்த நீர். பாதுகாப்பைப் பொறுத்தவரை, முழுத் துண்டு மாட்டிறைச்சிக்கு 63 டிகிரியும் அதன்பின் 3 நிமிட ஓய்வும் வேண்டும் என்பது அமெரிக்க வேளாண் துறையின் அறிவுரை. மீடியம் ரேர் அதற்குக் கீழேதான் வருகிறது. கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பிலேயே இருப்பதால் பலர் அந்தத் துணிவை எடுக்கிறார்கள். கர்ப்பிணிகள், முதியோர், குழந்தைகள் எடுக்க வேண்டாம். கொத்திய இறைச்சியில் கிருமிகள் உள்ளேயும் கலந்துவிடுவதால், அதை 71 டிகிரி வரை வேகவைத்தே ஆக வேண்டும். கடையில் ஊசியால் குத்தி மென்மையாக்கிய துண்டுக்கும் துணிவு காட்டாமல் அந்த 63 டிகிரியைக் கடைப்பிடியுங்கள்.

கேள்வி: என் மாமனார் வெல் டன் தவிர எதையும் தொடமாட்டார். ரப்பர் போல ஆகாமல் செய்ய வழி உண்டா?

பதில்: இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் பிஸ்டெக்கா என்னும் தடித்த மாட்டு ஸ்டேக்கை வெல் டன்னாகக் கேட்டால் முகம் சுளிப்பார்கள், ஆனால் உங்கள் வீட்டில் அவர் விருந்தினர். கொழுப்பு இழையோடிய ரிப் ஐ துண்டாகப் பார்த்து வாங்கி, தணலில்லாத பக்கத்திலேயே 64 டிகிரி வரை பொறுமையாக விட்டு, கடைசியில் சற்றே வாட்டுங்கள். அவர் துண்டை மற்றவற்றுக்குக் கால் மணி நேரம் முன்பாகவே ஏற்றிவிடுங்கள். எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடலாம்.