உள்ளங்கையில் ஊதிப் பாருங்கள்

அன்புள்ள ஐயா,

கிரேக்கத் தத்துவம் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். எல்லாம் நீரே என்கிறார் தேலீஸ், எல்லாம் காற்றே என்கிறார் அனாக்சிமினஸ். இரண்டும் தவறு என்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அப்புறம் ஏன் இயற்பியல் இவர்களிடம் தொடங்கியது என்கிறீர்கள்?

இயற்பியல் இரண்டாமாண்டு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

முதலில் ஒன்று செய்யுங்கள். வாயை நன்றாகத் திறந்து உள்ளங்கையில் ஊதுங்கள். வெதுவெதுப்பாக இருக்கும். இப்போது உதட்டைக் குவித்து ஊதுங்கள். ஜில்லென்று இருக்கிறதா?

இன்றைய துருக்கியின் மேற்குக் கரையில் இருந்த மிலேட்டஸ் நகரில், சுமார் 2500 ஆண்டுகளுக்கு முன் அனாக்சிமினஸ் இதைத்தான் சுட்டிக்காட்டினார். பிற்காலத்தில் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் அதை எழுதி வைத்திருக்கிறார். காற்று நெருங்கினால் குளிரும், தளர்ந்தால் சூடாகும். மேலும் மேலும் நெருங்கினால் மேகம், நீர், மண், கல் என்று ஆகும் என்றார். பொருள் ஒன்றுதான், அடர்த்திதான் வேறு.

அவர் விளக்கம் தவறுதான். சைக்கிளுக்குக் காற்றடித்துவிட்டு பம்பின் அடிப்பாகத்தைத் தொட்டுப் பாருங்கள், சுடும். அழுத்தினால் காற்று சூடாகத்தான் செய்யும். குவித்த உதட்டிலிருந்து வேகமாக வரும் மூச்சு, சுற்றியுள்ள காற்றையும் இழுத்துக்கொண்டு வருவதால்தான் குளிர்கிறது. ஆனால் இந்தத் தவறை எப்படிக் கண்டுபிடித்தோம்? அவர் காட்டிய அதே காற்றை, அதே கையால் தொட்டுப் பார்த்து. இடி என்பது கிரேக்கக் கடவுள் ஜீயஸின் கோபம் என்று ஒருவர் சொன்னால், அதை எதைத் தொட்டுப் பார்த்து மறுப்பது? அதனால்தான் இவர்களிடம் தொடங்கியது என்கிறேன்.

எனக்கு இவர்களில் மிகவும் பிடித்தவர் அனாக்சிமாண்டர். பூமி மரக்கட்டை போல நீரில் மிதக்கிறது என்றார் தேலீஸ். சரி, அந்த நீர் எதன்மேல் இருக்கிறது? அதே ஊரில் அடுத்த தலைமுறையில் வந்த அனாக்சிமாண்டர், பூமியை எதுவுமே தாங்கவில்லை என்று சொல்லிவிட்டார். எல்லாப் பக்கத்திலிருந்தும் சம தூரத்தில் நடுவில் இருப்பது, ஒரு பக்கமாக மட்டும் நகர என்ன காரணம் இருக்க முடியும் என்பது அவர் வாதம். கப்பலோ தொலைநோக்கியோ கொண்டு கண்டதல்ல, உட்கார்ந்து யோசித்தே அங்கே போய்ச் சேர்ந்தார். படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது.

பூமியை அவர் தூணின் ஒரு துண்டு போல நினைத்தார், அது போகட்டும். சீராக மின்னூட்டம் பெற்ற வளையத்தின் மையத்தில் மின்புலம் ஏன் பூஜ்ஜியம் என்று தேர்வில் கேட்டால், எல்லாப் பக்கமும் ஒன்றுபோல் இருக்கும்போது ஒரு பக்கமாக மட்டும் சாயக் காரணமில்லை என்று கணக்கே போடாமல் நீங்கள் எழுதும் பதில் அவருடைய வாதம்தான்.

அன்புடன்.