லிட்டில் ராக் பள்ளிக்கூடமும் டல்லஸின் தொலைபேசி உரையாடலும்: ஓர் ஆய்வேட்டுக்கு வழி

கேள்வி: எம்.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பனிப்போர்க் கால அமெரிக்காவில் கறுப்பின மக்கள் நடத்திய உரிமைப் போராட்டத்துக்கும் அந்நாட்டின் வெளியுறவுக் கொள்கைக்கும் இருந்த தொடர்பை ஆய்வேடாக எழுத விரும்புகிறேன். "ஒன்று சமூக வரலாறு, மற்றது வெளியுறவு. இரண்டையும் கலந்தால் எதுவும் உருப்படாது" என்கிறார் என் வழிகாட்டி. அமெரிக்கா சென்று ஆவணம் பார்க்கும் வசதியும் எனக்கு இல்லை. இதை எழுத முடியுமா? எங்கே தொடங்குவது?

பதில்: தாராளமாக எழுதலாம். பாடநூல்கள் வசதிக்காக இரண்டையும் தனித்தனி அத்தியாயங்களில் வைத்திருக்கின்றன. அன்று வாஷிங்டனில் அதிகாரத்தில் இருந்தவர்களின் மேசையில் அவை ஒரே கோப்பில்தான் கிடந்தன.

ஆனால் உங்கள் வழிகாட்டியின் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. இந்தத் தலைப்பை எடுக்கும் மாணவர்களில் பலர் 1945 முதல் 1968 வரை எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுவிட்டு, "சோவியத் பிரசாரத்துக்கு அஞ்சி அமெரிக்கா கறுப்பின மக்களுக்கு உரிமை வழங்கியது" என்று முடித்துவிடுகிறார்கள். அந்த முடிவை என்னால் ஏற்க முடியாது. 1963-இல் அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாம் தெருக்களில் போலீஸ் நாய்களையும் தண்ணீர்ப் பீரங்கிகளையும் எதிர்கொண்ட சிறுவர் சிறுமியரின் கையிலிருந்து வரலாற்றைப் பிடுங்கி அதிகாரிகளின் கையில் கொடுப்பதாக அது ஆகிவிடும். எனவே களத்தைச் சுருக்குங்கள். ஒரே ஊர், ஒரே மாதம் மையமாக இருந்தால் போதும். ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக், 1957 செப்டம்பர் என்பது என் பரிந்துரை.

நிகழ்ச்சி உங்களுக்குத் தெரிந்திருக்கும். பள்ளிகளில் இன ஒதுக்கல் அரசியல் சட்டத்துக்கு விரோதமானது என்று உச்ச நீதிமன்றம் 1954 மே 17 அன்று தீர்ப்பளித்தது. அதன்படி சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளியில் சேர வந்த ஒன்பது கறுப்பின மாணவர்களை ஆளுநர் ஆர்வல் ஃபாபஸ் தன் அதிகாரத்தில் இருந்த மாநிலத் தேசியக் காவல் படையை நிறுத்தித் தடுத்தார். செப்டம்பர் 4 காலை, மற்ற மாணவர்கள் சேர்ந்து போவதென்று முடிவாகியிருந்த செய்தி எலிசபெத் எக்ஃபோர்டை எட்டவில்லை. அவர் வீட்டில் தொலைபேசி இல்லை. பதினைந்து வயதுப் பெண், புத்தகத்தை அணைத்துக்கொண்டு, கூச்சலிடும் கூட்டத்தின் நடுவே தனியாக நடந்த அந்தப் புகைப்படம் உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வெளியானது. நீதிமன்ற உத்தரவால் காவல் படை விலகிய பின், செப்டம்பர் 23 அன்று மாணவர்கள் உள்ளே போனார்கள். வெளியே கும்பல் திரண்டதால் அன்றே அவர்களை வெளியேற்ற வேண்டியதாயிற்று.

உங்கள் ஆய்வேட்டின் உயிர்நாடி அடுத்த நாளான செப்டம்பர் 24. அந்த ஒரு நாளை மணிக்கணக்கில் அடுக்கிப் பாருங்கள். ரோட் ஐலண்டின் நியூபோர்ட்டில் ஓய்வில் இருந்த அதிபர் ஐசனோவர், நண்பகல் அளவில் 10730-ஆம் எண் நிர்வாக ஆணையில் கையெழுத்திடுகிறார். ஆர்கன்சா தேசியக் காவல் படை மத்திய அரசின் கீழ் வருகிறது. 101-வது வான்வழிப் படைப்பிரிவின் வீரர்கள் சுமார் ஆயிரம் பேர் லிட்டில் ராக்குக்குப் புறப்படுகிறார்கள். பிற்பகலில் வெளியுறவு அமைச்சர் ஜான் ஃபாஸ்டர் டல்லஸ், அட்டர்னி ஜெனரல் ஹெர்பர்ட் பிரவுனெலுடன் தொலைபேசியில் பேசுகிறார். இந்த நிலைமை நம் வெளியுறவுக் கொள்கையைப் பாழாக்குகிறது என்கிறார். 1956-இல் ஹங்கேரி எழுச்சியைப் படை கொண்டு நசுக்கியதால் ரஷ்யர்களுக்கு ஏற்பட்ட கேட்டைவிட, ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் இதனால் நமக்கு அதிகக் கேடு வரும் என்பது அவர் கணிப்பு. அதிபர் அன்றிரவு ஆற்றவிருக்கும் உரையில் வெளிநாடுகளில் ஏற்பட்டுள்ள தீங்கைப் பற்றி இரண்டொரு வாக்கியம் இடம்பெற வேண்டும் என்ற யோசனையும் அவரிடமிருந்து வருகிறது. இரவு வெள்ளை மாளிகையிலிருந்து பேசிய ஐசனோவர், நம் எதிரிகள் இதைக் கண்டு களிக்கிறார்கள், நம் தேசத்தையே தவறாகச் சித்திரிக்க இதை எங்கும் பயன்படுத்துகிறார்கள் என்கிறார்.

உரையின் அந்த வரிகளை மட்டும் படிப்பவர், ரஷ்யப் பிரசாரத்துக்காகவே படை அனுப்பப்பட்டது என்று எழுதிவிடுவார். ஆவணங்களை நேர வரிசையில் வைத்தவர் அப்படி எழுத மாட்டார். ஆணை முந்தியது, அந்தத் தொலைபேசி உரையாடல் பிந்தியது. இன்னும் ஒரு படி போங்கள். அனுப்பிய வீரர்களை ஹிட்லரின் படையோடு ஒப்பிட்டுக் கண்டித்த ஜார்ஜியா செனட்டர் ரிச்சர்ட் ரஸலுக்கு, நான்கு நாள் கழித்து ஐசனோவர் ஒரு பதில் தந்தி அனுப்பினார். அதன் வாதம் முழுவதும் நீதிமன்ற ஆணை, பதவிப் பிரமாணம், ஒன்றியத்தின் கட்டுக்கோப்பு ஆகியவற்றின் மீதே நிற்கிறது. ஒரே மனிதர், ஒரே முடிவு. ஆனால் நாட்டு மக்களிடம் சட்டத்தோடு வெளிநாடுகளில் கெட்ட பெயரையும் சேர்த்துச் சொல்கிறார், தென் மாநில செனட்டரிடம் சட்டத்தை மட்டும். மத்திய அதிகாரத்தை ஒரு மாநில ஆளுநர் மீறியதே படையை நகர்த்தியது என்றும், பனிப்போர் அந்த முடிவுக்கு அவசரத்தையும் அதை வெள்ளையருக்கு ஏற்கச் செய்யும் மொழியையும் கொடுத்தது என்றும் நான் படிக்கிறேன். நீங்கள் வேறு முடிவுக்கு வரலாம். ஆனால் இந்த நான்கு ஆவணங்களுக்கும் பதில் சொல்லிவிட்டு வர வேண்டும்.

பின்னணி அத்தியாயத்துக்கு நீங்கள் அதிகம் அலைய வேண்டியதில்லை. 1952 டிசம்பரில் மத்திய அரசு, 1954-இல் தீர்ப்பான அந்தப் பள்ளி ஒதுக்கல் வழக்கில் தாக்கல் செய்த மனுவைப் பாருங்கள். சுதந்திரத்துக்கும் கொடுங்கோன்மைக்கும் இடையே நடக்கும் உலகப் போராட்டத்தின் பின்னணியில்தான் இனப் பாகுபாட்டைப் பார்க்க வேண்டும் என்று அது நீதிபதிகளிடம் வெளிப்படையாகவே வாதிடுகிறது. வெளியுறவு அமைச்சர் டீன் அச்செசனின் கருத்தும் அதில் மேற்கோளாக இருக்கிறது. அதே ஆண்டில், இந்தியாவுக்கான அமெரிக்கத் தூதர் செஸ்டர் பவுல்ஸ் யேல் பல்கலைக்கழகத்தில் பேசும்போது, ஆசியாவில் ஒரு வாரம் இருந்தாலே இந்தக் கேள்வியின் கனம் புரிந்துவிடும் என்ற பொருளில் எச்சரித்தார்.

வெளிநாட்டுத் தூதர்கள் பட்ட அவமானங்கள் தனியாக ஓர் அத்தியாயம் பெறத் தக்கவை. 1955 ஆகஸ்டில் ஹூஸ்டன் விமான நிலைய உணவகத்தில் இந்தியத் தூதர் ஜி.எல். மேத்தா, வெள்ளையருக்கான பகுதியில் உட்காரக் கூடாது என்று வேறிடத்துக்கு அனுப்பப்பட்டார். டல்லஸ் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. லிட்டில் ராக் நிகழ்ந்து மூன்று வாரங்கூட ஆகாத நிலையில், டெலவேர் மாநிலத்தின் டோவரில் கானா நிதியமைச்சர் கொம்லா கெடெமாவுக்கு ஒரு சாலையோர உணவகத்தில் ஆரஞ்சுச் சாற்றை உட்கார்ந்து குடிக்க அனுமதி மறுக்கப்பட்டது. ஐசனோவர் அவரை வெள்ளை மாளிகைக்குக் காலை உணவுக்கு அழைத்துச் சமாதானம் செய்தார். அமைச்சருக்கு விருந்து கிடைத்தது. அந்த ஊரில் வாழ்ந்த கறுப்பின மக்களுக்கு என்ன கிடைத்தது என்று உங்கள் ஆய்வேடு கேட்க வேண்டும்.

அந்தக் கேள்வியை 1961-லேயே சில பத்திரிகையாளர்கள் செயலில் கேட்டுக் காட்டினார்கள். நியூயார்க்குக்கும் வாஷிங்டனுக்கும் இடையே ஆப்பிரிக்கத் தூதர்கள் காரில் சென்றுவந்த 40-ஆம் எண் நெடுஞ்சாலையில், மேரிலாந்து உணவகங்கள் அவர்களைத் தொடர்ந்து திருப்பி அனுப்பின. சாட் நாட்டுத் தூதருக்கே ஒரு காபி மறுக்கப்பட்டது. கென்னடி நிர்வாகம் உணவக உரிமையாளர்களிடம் தூது போய்க்கொண்டிருந்தது. அந்த ஆகஸ்டில் பால்டிமோரின் கறுப்பினப் பத்திரிகை ஒன்றின் செய்தியாளர்கள் வாடகைக்கு எடுத்த அங்கிகளையும் உயரத் தொப்பியையும் அணிந்து, 'கோபன்' என்ற இல்லாத நாட்டின் பிரமுகர்களாக அதே சாலையில் போனார்கள். அமெரிக்கக் குடிமக்களாக நுழைந்திருந்தால் விரட்டியிருக்கக்கூடிய இடங்களில் அவர்களுக்குச் சாப்பாடு பரிமாறப்பட்டது. வெளியுறவு நெருக்கடியால் கிடைத்த சலுகை எந்த எல்லையில் நின்றது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை. உணவகங்களில் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டத்தை மேரிலாந்து இயற்ற 1963 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பனிப்போர் கதவைத் திறந்ததோடு சிலரை வெளியே தள்ளிப் பூட்டவும் செய்தது. பாடகர் பால் ரோப்சனின் கடவுச்சீட்டு 1950-இல் பறிக்கப்பட்டு 1958-இல்தான் திரும்பக் கிடைத்தது. ஆப்பிரிக்கக் காலனி மக்களின் விடுதலைக்காக அவர் உழைத்ததையே வெளியுறவுத் துறை நீதிமன்றத்தில் அவருக்கு எதிராக எடுத்துக்காட்டியது. அறிஞர் டபிள்யூ.இ.பி. டு பாய்ஸ் 1951-இல் வெளிநாட்டு முகவர் என்று வழக்குத் தொடரப்பட்டு விடுதலையானார். இந்தப் பக்கத்தை விட்டுவிட்டால் உங்கள் ஏடு அரசாங்கத்தின் விளம்பரமாகிவிடும். லிட்டில் ராக்கின் பிந்தைய கதையையும் விடாதீர்கள். 1958–59 கல்வியாண்டு முழுவதும் ஃபாபஸ் அந்த நகரின் உயர்நிலைப் பள்ளிகளையே மூடிவைத்தார். அப்போது படை வரவில்லை.

ஆவணங்களுக்கு வருவோம். அமெரிக்க வெளியுறவுத் துறையின் வரலாற்று அலுவலகம், தந்திகளையும் குறிப்பாணைகளையும் ஆண்டுவாரியாகத் தொகுத்து வெளியிட்டு இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. முப்பது ஆண்டுகளுக்குள் வெளியிட வேண்டும் என்று 1991-இல் சட்டமே வந்துவிட்டது. கேன்சஸ் மாநிலம் அபிலீனில் உள்ள ஐசனோவர் நூலகம், லிட்டில் ராக் ஆவணங்களை ஒரு தொகுப்பாகவே இணையத்தில் ஏற்றியிருக்கிறது. அதிபர்களின் உரைகள் முழுமையாக வேண்டுமென்றால் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகம் நடத்தும் தளத்தில் கிடைக்கும். பழைய அமெரிக்க நாளிதழ்களில் கணிசமானவற்றை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைத்திருக்கிறது.

தேடும்போது இன்றைய சொற்களைப் போட்டால் பாதிகூடச் சிக்காது. அன்றைய கோப்புகளில் 'நீக்ரோ', 'இன உறவுகள்', 'ஒதுக்கல்', 'பிரசாரம்' ஆகியவற்றின் ஆங்கிலச் சொற்களே புழங்கின. கிடைத்த தாளில் முதலில் தேதியையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். யார் வரைந்தது, யாருக்கெல்லாம் நகல் போனது என்பதை அதன் பிறகு பாருங்கள். சதுர அடைப்புக்குள் இத்தனை வரி நீக்கப்பட்டது என்றிருந்தால் அதையும் உங்கள் குறிப்பில் எழுதுங்கள். டல்லஸின் தொலைபேசிக் குறிப்புகளில் கூடுதல் கவனம் வேண்டும். அவர் பேசும்போது செயலாளர் உடன் கேட்டு எழுதிய சுருக்கங்கள் அவை. எனவே அவற்றை டல்லஸின் நேரடி வாசகமாக மேற்கோள் குறிக்குள் போடாதீர்கள்.

உங்களால் மட்டுமே செய்யக்கூடிய ஒரு வேலை நம் ஊரிலேயே இருக்கிறது. சென்னை கன்னிமாரா நூலகத்திலும் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும் பழைய இதழ்கள் உள்ளன. 1957 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் தமிழ்ப் பத்திரிகைகள் லிட்டில் ராக்கை எப்படி எழுதின, தலையங்கத்தில் எதோடு ஒப்பிட்டன என்று புரட்டிப் பாருங்கள். ஆசியாவில் நம் பெயர் கெட்டுவிட்டது என்று டல்லஸ் சொன்னார். அந்த ஆசியாவின் ஒரு மூலையில் உண்மையில் என்ன பேசப்பட்டது என்பதை அவருடைய கோப்பை நம்பி எழுதாமல் நீங்களே சரிபார்க்க முடியும். அக்டோபர் 4-இல் சோவியத் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் பறந்ததும் செய்தி எவ்வளவு விரைவில் பக்கம் மாறியது என்பதையும் அதோடு கவனித்துக்கொள்ளுங்கள்.

வழிகாட்டியிடம் போகும்போது தலைப்பை "லிட்டில் ராக் நெருக்கடியும் அமெரிக்க வெளியுறவுத் துறையும், 1957 செப்டம்பர் – 1959" என்று மாற்றிக்கொண்டு போங்கள். செப்டம்பர் 24-இன் நேர அட்டவணையையும், ஆணை, தொலைபேசிக் குறிப்பு, உரை, ரஸலுக்கு அனுப்பிய தந்தி ஆகியவற்றின் நகல்களையும் சேர்த்து அவர் முன் வையுங்கள்.